எழுத்துகளாகிப்போன பூபதி

அவள் என்டரைத் தட்டினாள். பூபதி எழுத்துகளாக மாறத் தொடங்கினான்.

கணவன் பூபதி செத்ததிலிருந்து அவன் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை. மாலை போட்ட போட்டோ இருக்கும் கூடத்தைக்கூடக் குனிந்தபடியே கடக்கிறாள்.

அத்தைதான் அந்த வீடியோவைத் தன் போனுக்குக் கேட்டிருந்தாள். அவனைப் பெற்றவள். சமையற்கட்டில் பூபதி குழம்பை ருசி பார்க்கிற வீடியோ. போட்டோ எத்தனையோ இருக்கிறது. அவன் குரல் இருப்பது அது ஒன்றில்தான்.

அனுப்புமுன் அதுதானா என்று பார்க்க வேண்டும். பார்க்கப் பயம்.

அவளுக்குத் தெரிந்த நிரல் ஒன்று இருந்தது. வீடியோவைக் கொடுத்தால் வெளிச்சத்துக்கு அடர்ந்த குறி, இருட்டுக்கு வெறும் புள்ளி என்று எல்லாவற்றையும் எழுத்தாக்கி, புதிய கோப்பு ஒன்றில் போட்டுக் கருந்திரையில் ஓடவிடும். கட்டளையைத் தட்டினால் போதும், மறுபேச்சு கிடையாது. எழுத்தாக என்றால் அவனைத் தாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றியது.

கோப்பின் பெயரை அவள் என்றைக்கும் முழுதாக அடித்ததில்லை. முதல் இரண்டு எழுத்து, அப்புறம் டேப் விசை. மீதியைக் கணினியே போட்டுக்கொள்ளும்.

புதிய கோப்புக்குப் பெயர் கொடுக்க வேண்டிய இடத்திலும் பாழாய்ப்போன விரல் அதையே செய்தது. பழைய பெயரே அங்கும் வந்து உட்கார்ந்துகொண்டது. ‘பழையதை அழித்து அதன் மேலே எழுதட்டுமா என்று கேட்டுத் தொலைக்காதே’ என்கிற குறியையும் வழக்கம்போல் கட்டளையில் சேர்த்திருந்தாள்.

அது கேட்கவில்லை.

வீடியோ இருந்த இடத்தில் இப்போது எழுத்துகள் இருந்தன. குரல் இல்லை.

அதை எடுத்த பழைய போனைக் கடையில் கொடுத்துப் புதிது வாங்கியாயிற்று. வேறெங்கும் தேட இடமில்லை.

அழுகை வரும் என்று உட்கார்ந்திருந்தாள். வரவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல அந்தக் கட்டளையை மறுபடி மறுபடி படித்தாள். ஒன்றும் உறைக்கவில்லை.

அத்தை தன் போனைக் கையில் பிடித்தபடி அறைக்குள் வந்தாள்.

“ஏறிருச்சா கண்ணு?”

“அழிச்சுட்டனுங்க அத்தை.”

சொல்லிவிட்டாள். தன் குரல் இத்தனை சாதாரணமாக வந்தது அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

“இதுதான் மிச்சம்,” என்று கோப்பை ஓடவிட்டாள்.

அத்தை கட்டிலில் உட்கார்ந்தாள். கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை.

புள்ளிகள் ஓடின. குறிகள் கூடி ஒரு தோளாயின. தோள் குனிந்தது. ஒரு கை மூடியைத் தூக்கியது.

“சத்தம்?”

“வராதுங்க அத்தை.”

அத்தை திரைக்குக் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள்.

திரையில் தலை திரும்பியது. கண் என்று, மூக்கு என்று எதுவும் இல்லை. வாய் இருக்க வேண்டிய இடத்தில் நாலைந்து குறிகள் மாறி மாறி விழுந்தன.

“அம்மா, உப்புப் பத்தல.”

சொன்னது அவள்தான். கடைசியில் அவன் இழுக்கிற அதே இழுப்பு.

அத்தை திரையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

“போட்டுக்க சாமி,” என்றாள்.