நேராக ஒரு பந்து

தேர்வுக்கு இன்னும் பதினைந்து மணி நேரம்தான் இருந்தது. நாளைக் காலையில் நிர்வாகிகள் முன்னால் பந்தை நேராக அடித்துக் காட்டாவிட்டால், அந்த கோல்ஃப் கிளப்பில் கோச்சின் வேலை போய்விடும்.

இந்தப் பந்தும் இடது பக்கமே ஓடியது.

"பந்துல படுற நேரத்துல மட்டையோட முகம் இடது பக்கம் திரும்பிடுது சார்," என்றான் புதிதாகச் சேர்ந்த உதவியாளன். "அது நேரா இருக்கணும்னு போன வாரம் நீங்கதானே எனக்குச் சொல்லிக் கொடுத்தீங்க?"

கோச் அடுத்த பந்தை எடுத்து வைத்தார். பின்னால் பெஞ்சில் இருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"அங்கேயேதானே இருக்கே?"

"இங்கேதாங்க இருக்கேன். அடிங்க."

அடித்தார். மறுபடியும் இடது பக்கம்.

உதவியாளனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒவ்வொரு பந்துக்கும் அக்காவைப் பார்த்துப் பார்த்து உதறுறீங்களே சார், அவங்ககிட்ட அவ்வளவு பயமா? அக்கா, நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் போய் நில்லுங்க. சார் ஜோரா அடிச்சிடுவார்."

"போகாதே!" என்று அலறினார் கோச். மட்டை கை நழுவிக் கீழே விழுந்தது. முகமெல்லாம் வியர்த்திருந்தது.

உதவியாளனின் சிரிப்பு நின்றுவிட்டது.

மனைவி எழுந்து வந்து கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்கிட்ட என்ன பயம் தம்பி? போன வருஷம் இவர் அடிச்ச பந்து ஒண்ணு வலது பக்கம் பறந்துச்சு. அங்கே நின்னுட்டிருந்தது நான்தான். அன்னிக்குப் போன பார்வை, இந்தக் கண்ணுக்குத் திரும்பி வரவே இல்ல."