ஃபீபி சிஸ்டர் சொன்ன கிண்ணம்

ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போட்டுப்போன வெள்ளைச் சட்டையோடே ஐசக் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். ஆம்பூரிலிருந்து வாங்கிவந்த பிரியாணிப் பொட்டலத்தை மனைவி இன்பம் பிரிக்கிறாள். ஜன்னல் வெயிலில் ஆவி சுருண்டு எழுந்து அவர் கண்ணாடியை மூடுகிறது. சோற்றை இலையில் தள்ளப்போனவளைத் தடுத்து, சின்ன எவர்சில்வர் கிண்ணம் ஒன்றை நீட்டுகிறார். "இதால ஒண்ணே ஒண்ணு போடு. மீதி வயித்துக்கு வெங்காயப் பச்சடி. சுகருக்கு அதான் நல்லதுன்னு ஃபீபி சிஸ்டர் சொன்னாங்க." "கம்பெனி ஆஸ்பத்திரிக்குப் புதுசா வந்துகீதே, அந்த நர்ஸா?" "அவங்கதான். இன்னா பொறுமையா சொல்றாங்க தெரியுமா." "இத்தன வருசமா நானும் சோத்தக் கம்மி பண்ணுங்கன்னுதான சொன்னேன்?" "நீ திட்டின, இன்பம். அவங்க சொன்னாங்க." அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்கிறார். இன்பம் முதுகைத் திருப்பிக்கொண்டு கிண்ணத்தில் சோற்றை அள்ளிப் போடுகிறாள். பெருவிரலால் அமுக்குகிறாள். சோறு இறங்குகிறது. இன்னும் அள்ளிப் போட்டு, வளையல் கிண்ணத்தில் உரச உரச அமுக்குகிறாள். "சுகரு இறங்காம நிக்கட்டும். அப்புறம் யார் பேச்சக் கேக்குறாருன்னு பாக்கலாம்" என்று உதட்டுக்குள் முணுமுணுக்கிறாள். இலையில் கவிழ்த்த சோறு கலையாமல் கிண்ணத்தின் உருவிலேயே நிற்கிறது. ஐசக் அதை உதிர்த்து உதிர்த்து, ஒவ்வொரு வாயாக மென்று முடிக்கிறார். பிறகு நிறைவாக ஏப்பம் விடுகிறார். "பாத்தியா, ஒரே கிண்ணம். வயிறு ரொம்பிடுச்சு. அந்தப் பொண்ணு சொன்னா சரியாத்தான் இருக்குது." இன்பத்தின் பெருவிரலில் ஒட்டிய பருக்கை அப்படியே இருக்கிறது.