இருபத்தாறேகால் அங்குலம்

“நீளம் எவ்வளவுன்னு சரியா பாத்துச் சொல்லு. உள்ள இறக்கும்போது இடிச்சுத் தொலைக்கக் கூடாது.”

டேப்பின் ஒரு நுனி கணவர் கையில், மறு நுனி அவள் கையில். மூடியைத் தூக்கி நிறுத்தியிருந்த பழைய ஜீப்பின் முன்பக்கம் அவளுக்குத் தோண்டி வைத்த குழி மாதிரியே தெரிந்தது.

“இருபத்தாறேகால்.”

“கூடக்குறைய இருக்கப்போகுது. இன்னொரு தடவை பாரு.”

“மூணு தடவை பாத்தாச்சுங்க. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நீங்களே பாருங்களேன்.”

“கண்ணாடியும் வேணாம், ஒண்ணும் வேணாம்.” சட்டைப் பையிலிருந்த கண்ணாடிக் கூட்டை ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார். நான்கு மாதமாக அந்தக் கூடு பையை விட்டு இறங்கவில்லை. கண்ணாடி ஒருநாளும் மூக்கில் ஏறவுமில்லை. அவ்வளவு வீம்பு.

வாசலில் தள்ளுவண்டிமேல், தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது டீசல் என்ஜின். அதன் பக்கத்தில் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றான் கொழுந்தன்.

“அண்ணி, முகம் ஏன் இப்படி வெளிறிக் கிடக்கு? என்ஜினைத்தானே மாத்தறோம், அண்ணனை இல்லையே!”

“உங்கண்ணனை மாத்தறதா இருந்தா முப்பது வருஷம் முன்னாடியே சொல்லியிருப்பேனே.” வாய் சிரித்தது. கண் அந்தத் தார்ப்பாயை விட்டு நகரவில்லை.

கொழுந்தன் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். மலையேற ஆசை உண்டு, வண்டியின் உள்சமாச்சாரம் ஒன்றும் தெரியாது. ‘பெட்ரோல் என்ஜின் செத்துப்போச்சு’ என்று அண்ணன் சொன்னதுதான் தாமதம், டீசல் என்ஜின் தேடி அலைய ஆரம்பித்துவிட்டான். முதலாவது கனம் அதிகம், இரண்டாவது ரேடியேட்டரில் முட்டும் என்று அண்ணன் திருப்பி அனுப்பினார். மூன்றாவதைக் கேட்காமலே கொண்டுவந்து இறக்கிவிட்டான்.

“டீசலுன்னா சும்மாவா அண்ணி? பிளக்கும் கிடையாது, பிளக்குக்குக் கரண்ட் பிரிச்சுக் குடுக்கற அந்தக் கறுப்பு மூடியும் கிடையாதுன்னு கடைக்காரரே சொன்னாரு. சரிவுல தள்ளிவிட்டாலே கிளம்பிடும். அடுத்த ஞாயித்துக்கிழமை மலை உச்சி. அண்ணன் ஓட்டறார், நாம ஜம்முனு உக்காந்து வர்றோம்!”

கறுப்பு மூடி கிடையாது.

நான்கு மாதத்துக்கு முன், மலைப்பாதை வளைவில், அவர் நிழலைப் பாதையென்று நினைத்துத் திருப்பினார். முன்சக்கரம் ஒன்று வெறும் காற்றில் சுற்றியது. எப்படியோ பின்னால் எடுத்து நிறுத்திவிட்டு, “கண்ணுல தூசி” என்றார். இருபத்தெட்டு வருடம் லாரி ஓட்டியவரிடம், உங்களுக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது என்று யார் சொல்வது? சொன்னால் கேட்கிற ஆளா?

மறுநாள் அவர் குளிக்கப் போன நேரத்தில், அந்தக் கறுப்பு மூடியைத் திறந்து, உள்ளே சுழன்று கரண்ட்டைப் பிரிக்கும் கட்டைவிரல் அளவு ரோட்டரை உருவித் தையல் டப்பாவுக்குள் போட்டுவிட்டாள். அவர் சொல்லிக்கொடுத்த வித்தைதான். “இதை எடுத்துட்டா எந்தத் திருடனாலயும் வண்டியைக் கிளப்ப முடியாது.”

சத்தத்தை வைத்தே எந்த நட்டு தளர்ந்திருக்கிறது என்று சொல்கிற மனிதர், அதற்கப்புறம் ஒரு தடவைகூட அந்த மூடியைத் திறந்து பார்க்கவில்லை. இன்று பார்ப்பார், நாளை பார்ப்பார் என்று அவள்தான் செத்துச் செத்துப் பிழைத்தாள்.

இனி டீசலில் எதை உருவுவது? அதைவிட, ரோட்டரைத் திருப்பி மாட்டிவிட்டால் இந்தப் பெட்ரோல் என்ஜினே பிழைத்துக்கொள்ளும். டீசல் வந்த வழியே போகும். மலைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மறுபடி உருவிக்கொள்ளலாம்.

“இருபத்தாறேகால்தானா?” என்றார் அவர் கடைசியாக. குரல் இறங்கியிருந்தது. “அப்ப கச்சிதமா உக்காந்துடும்.”

சந்தோஷத்தில்தான் அவர் குரல் இறங்குகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அண்ணனும் தம்பியும் சங்கிலி எடுக்கக் கொட்டகைக்குப் போனார்கள். அவள் வீட்டுக்குள் ஓடினாள், திரும்பி ஓடிவந்தாள். ரோட்டரைச் சொருகி, மூடியை வைத்து, கிளிப்பை அழுத்திவிட்டு நிமிரவும் அவர்கள் வரவும் சரியாக இருந்தது.

“தம்பி, பழசைக் கழட்டறதுக்கு முன்னாடி கடைசியா ஒரே ஒரு தடவை சாவியைத் திருப்பிப் பாரு. எனக்காக.”

“பொணத்துக்கு ஊசி போடச் சொல்றீங்க!” சிரித்துக்கொண்டே திருப்பினான். ஸ்டார்ட்டர் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அவ்வளவுதான்.

“ஐயோ, கிளம்பணுமே!” அவளையறியாமல் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

“கிளம்பாது அண்ணி. நான் போய் ஸ்பானரை எடுத்துட்டு வர்றேன்.” அவன் மறுபடி கொட்டகைக்கு நடந்தான்.

அவர் அவளுடைய விரல்களைப் பிடித்துக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். நுனியெல்லாம் கரி. மெதுவாகக் கறுப்பு மூடியைத் திறந்து, முகத்தைக் கிட்டே கொண்டுபோனார். உள்ளே ரோட்டரில் தையல் டப்பாவின் சிவப்பு நூல் ஒன்று சுற்றிக் கிடந்தது.

“நாலு மாசமாவா?”

அவள் கரி படிந்த விரல்களை முந்தானையில் சுருட்டிக்கொண்டாள். “அந்த வளைவை நினைச்சா ராத்திரி தூக்கம் வரலைங்க. என்னை என்ன வேணா சொல்லுங்க. மலைக்கு மட்டும் வேணாம்.”

அவர் பையிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்து, திறந்து, அவள் உள்ளங்கையில் கவிழ்த்தார். கண்ணாடி விழவில்லை. காசளவு தகடும் ஒரு குட்டி ஸ்பிரிங்கும் விழுந்தன. ஜீப்பின் பெட்ரோல் பம்ப்பிலிருந்து கழற்றிய வால்வு. அது இல்லாமல் என்ஜினுக்கு ஒரு சொட்டுப் பெட்ரோல் ஏறாது.

“எனக்கும் பயம்தாண்டி.”