மூன்று குழிகள்

புதுப் பள்ளிக்கூடச் சுவரில் ஒரு செங்கல்லில் மட்டும் மூன்று குழிகள். குழந்தைத் தொழிலாளர் பற்றிய ஓவியக் கண்காட்சிக்காக அதன் மேல் ஒரு படம் மாட்டினார்கள்.

"உன் அசிங்கத்தை மறைக்கத்தான்டா" என்று செங்கல்லைச் சீண்டியது படம் தொங்கிய ஆணி.

"படத்துல என்ன இருக்குண்ணே?"

"செங்கல் சூளையில ஒரு சின்னப்பிள்ளை சுடாத பச்சைக்கல்லைத் திருப்பிப் போடுது. இங்க படிக்கிற அஞ்சலை வரைஞ்சதாம். போன வருஷம் வரைக்கும் அங்கதான் வேலை செஞ்சுச்சாம்."

செங்கல்லுக்குச் சிலிர்த்தது. ஈரமாய்க் கிடந்தபோது தன்னைத் திருப்பிய விரல்களை அது மறக்கவில்லை.

பெயர் எழுத மறந்துவிட்டதென்று தலைமையாசிரியர் படத்தைக் கழற்றினார். பேனாவோடு வந்த அஞ்சலை சுவரைப் பார்த்து நின்றாள். மெல்ல மூன்று விரல்களைக் குழிகளில் வைத்தாள். கச்சிதமாகப் பொருந்தின.

"சார், இது நான் போட்ட கல்லு."

கண்காட்சிக்கு வந்தவர்கள் அந்தக் குழிகளையே பார்த்தார்கள். ஆணியும்தான்.

படத்தை மறுபடி அங்கே மாட்ட யாருக்கும் கை வரவில்லை.