உப்பு டப்பா

குவைத்தில் ஏழு வருடம் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பிய பிலோமினா, மறுநாள் காலையில் தன் அடுப்பின் முன் நின்று உப்பு டப்பாவுக்காக வலது கையை நீட்டினாள். அங்கே எதுவும் இல்லை. உப்பு, கரண்டி, தீப்பெட்டி எல்லாம் இடது பக்கம் குடியேறியிருந்தன. அடுத்தவர் அடுப்பங்கரையிலேயே காலம் தள்ளியவளுக்கு, எந்த அடுப்பில் எந்தக் கை புழங்குகிறது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"நான் இல்லாதப்ப யாரு சோறு பொங்குனா?"

"நாந்தான். வேற யாரு இருக்கா?" என்றான் கணவன் ரெஜிஸ். வாசலில் நின்று வலது கையால் பல் தேய்த்துக்கொண்டிருந்தான்.

அவள் ஒவ்வொன்றாகப் பழைய இடத்துக்கு மாற்றினாள். கடைசியாக உப்பு டப்பாவைக் கையில் எடுத்தபோது, நடை பழகும் வயதில் அவள் விட்டுப்போன மகள் ஷைனி, வலது கையால் எழுதிக்கொண்டிருந்த வீட்டுப்பாடத்தை மூடிவைத்துவிட்டு வந்தாள்.

"நான் தோச ஊத்தட்டாம்மா?"

இடது கையால் கரண்டியைப் பிடித்து, மாவை ஊற்றி, ஓரம் கிழியாமல் வட்டமாக இழுத்தாள்.

"எழுதுறது சோத்தாங்கையில, தோச மட்டும் பீச்சாங்கையிலயா? யாரு மக்ளே சொல்லித் தந்தா?"

ஷைனி வாசலைப் பார்த்தாள். ரெஜிஸ் குனிந்து வாய் கொப்பளித்தான். கொப்பளித்துக்கொண்டே இருந்தான்.

"நானே படிச்சேன்" என்ற பிள்ளை, அம்மாவின் கையிலிருந்த உப்பு டப்பாவை வாங்கி, அதன் இடத்தில், அடுப்புக்கு இடது பக்கம் வைத்தாள்.