ஆளில்லாத பிராக்

பிராக் நகரத்தைக் கூட்டமில்லாமல் பார்ப்பதற்குத்தான் அவ்வளவு விலை. சுற்றுலா நிறுவனம் தரும் கண்ணாடியைப் போட்டால் பயணப்பதிவில் பெயர் உள்ளவர்களைத் தவிர யாரும் தெரிய மாட்டார்கள். தூரத்து இரைச்சலும் அடங்கிவிடும்.

பதிவு என் பெயரிலும் என் மனைவி நித்திலா பெயரிலும் இருந்தது. கிளம்புவதற்கு முன் அவள் இறந்துவிட்டாள். அவள் இடத்தில் அவள் அம்மாவை அழைத்து வந்தேன். பெயரை மாற்றலாம் என்றார்கள். நித்திலாவின் பெயரை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அதனால் அத்தை என் கண்ணுக்குத் தெரியவில்லை. குரல் மட்டும் கூடவே வந்தது.

"ஊரடங்கு போட்ட மாதிரி இருக்குதுங்க மாப்பிள்ளை. ஒரு காப்பிக்கடைக்காரனைக் கூடக் காணோம்."

ஆற்றின் மேலுள்ள பழைய கற்பாலத்தில் குரல் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன், வெறும் கல்தான். கண்ணாடியைக் கழற்றினேன். பாலம் முழுக்க ஜனம். சற்றுத் தள்ளி ஒரு சிலையின் அடியில் அத்தை உட்கார்ந்து, அறுந்த செருப்பைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார்.

"கத்திக் கத்தித் தொண்டை வத்திப்போச்சு. என்னைப் பார்த்துட்டே நிக்கறீங்க!"

"பதிவுல உங்க பேர் இல்லீங்க அத்தை, நித்திலா பேர்தான் இருக்குது. இப்பவே மாத்திடறேன்."

அத்தை செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"அவ பேரே இருக்கட்டும். என்னைப் பார்த்து என்ன பண்ணப் போறீங்க? கையைப் பிடிச்சுக்கங்க, போதும்."

அதுவரை அவர் என்னைத் தொட்டதில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கையை நீட்டினேன். பாலத்தில் யாரும் இல்லை. என் கையை ஒரு கை இறுகப் பிடித்தது.