துணி மடித்தவர்

அறுபத்துமூன்று வயது மனிதர் காலை எட்டரை மணிக்கு இரண்டாந்தரம் அத்தர் பூசினால், வெள்ளவத்தையில் எந்த மனைவிக்கும் மூளை வேலை செய்யும். ஹப்ஸாவுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வேலை செய்தது.

"எங்கயன் போறீங்க?"

"கல்கிசைக்கு. சின்ன வேல ஒண்டு ஈக்கி. ஒரு சைன் வெச்சிட்டு வந்திருவன்," என்றார் அஷ்ரப், கண்ணாடியில் தாடியைச் சரிபார்த்தபடி.

அந்தச் சின்ன வேலையின் பெயர் மேனுகா என்பது ஹப்ஸாவுக்குத் தெரியும். மூன்று வாரமாக அந்தப் பெயரில் அழைப்பு வந்தால் மனிதர் பல்கனிக்குப் போய்விடுகிறார். நேற்றுக் கதவிடுக்கில் காதை வைத்ததில் முழுவதும் கேட்டது: "பத்து மணிக்குத்தானே ரெஜிஸ்ட்ரார் வரச் சொன்ன? பயப்படாதீங்க, நான் வந்து சைன் வெக்கிறன்."

இரண்டாம் கலியாணத்துக்கு மார்க்கம் இடம் கொடுத்தாலும் ஹப்ஸா கொடுப்பதாக இல்லை.

அவர் படியிறங்கியதும் கொட்டாஞ்சேனையில் இருந்த அக்காள் ஸீனத்துக்குப் போன் எடுத்தாள். "ராத்தா, இந்த மனுசனுக்கு இவ்வளவு துணிச்சல் எங்க ஈந்து வந்த?"

"யுத்தத்துக்குப் போன ஆள்தானே," என்றாள் ஸீனத், கொஞ்சமும் இரக்கமில்லாமல்.

யுத்த காலத்தில் அஷ்ரப் பன்னிரண்டு வருடம் விமானப்படையில் இருந்தது உண்மைதான். என்ன வேலை என்று கலியாணமான புதிதில் கேட்டதற்கு, "துணி மடிச்சன். மடிச்ச ஒவ்வொண்டுக்கும் சைனும் வெச்சன்," என்றார். லோண்டரியிலும் கையெழுத்தா என்று ஹப்ஸா விழுந்து விழுந்து சிரித்தாள். அதற்குப் பிறகு அவர் அந்தக் கதையை எடுக்கவேயில்லை. திரைச்சீலைக் கடை போட்டார், மூன்று பெண்பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தார். இன்றைக்கும் ஹப்ஸாவின் சாரிகளை வேறு யாரையும் மடிக்க விடமாட்டார்.

இனி எவளுடைய சாரியை மடிப்பார் என்று நினைத்ததும் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். அவருடைய வேன் தெருவுக்குத் திரும்புவதற்குள் வாசலில் நின்ற த்ரீவீலரில் ஏறினாள்.

"முன்னால போற அந்தக் கடை வேனை விட்டுராதீங்க."

கல்கிசையில் பதிவாளரின் அலுவலகம் இரண்டாம் மாடியில் இருந்தது. டை கட்டிய ஓர் இளைஞன், அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி, ஃபோட்டோ கொப்பி எடுக்குமிடம் எங்கே என்று கேட்டுக்கொண்டு அவளை இடிக்காத குறையாக இறங்கி ஓடினான். அவனை ஏச ஹப்ஸாவிடம் மூச்சு இல்லை. கலியாணத்துக்குப் பிறகு சேர்த்த முப்பது கிலோவும் கூடவே ஏற வேண்டியிருந்தது.

உள்ளே பதிவாளரின் மேசை. முன்னால் சந்தன நிறச் சாரியில், மகள் வயதில் ஒரு பெண். பக்கத்துக் கதிரையில் அஷ்ரப், கையில் பேனை.

"அந்தப் பேனைய வைங்க." கத்துவதற்கென்றே வந்தவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. "முப்பது வருசம். என்னில என்ன குறை கண்டீங்க?"

அஷ்ரப் பேனையை மேசையில் வைத்தார். பதிவாளர்தான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, இவர் சாட்சி. மாப்பிள்ளை கொப்பி எடுக்கப் போயிருக்கிறார்."

ஹப்ஸா ஒரு கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். சந்தேகம் மட்டும் தீரவில்லை. "சாட்சிக்கு ஊர்ல வேற ஆளே இல்லையா, மகள்? இவர் உங்களுக்கு என்ன முறை?"

மேனுகா கைப்பையிலிருந்து பழுப்பேறிய ஓர் அட்டையை எடுத்து நீட்டினாள். சிங்களப் பெண்ணான அவள், வெள்ளவத்தையில் வேலை பார்த்துப் பழகிய தமிழில் சொன்னாள்: "எங்கட அப்பா பைலட், ஆன்ட்டி. நான் பிறக்கிறதுக்கு நாலு வருசத்துக்கு முந்தி, பிளேன் நெருப்புப் பிடிச்சுப் பாரசூட்ல குதிச்சவர். அதை மடிச்சவர் சைன் வச்ச கார்ட் இது. சாகும்வரைக்கும் பேர்ஸ்லயே வச்சிருந்தார். இந்தப் பேரைத் தேடித்தான் அங்கிளைக் கண்டுபிடிச்சனான்."

அட்டையின் அடியில் இருந்தது, தன் மூன்று மகள்மாரின் பள்ளிக்கூட ரிப்போர்ட்டுகளிலும் ஹப்ஸா பார்த்த அதே கையெழுத்து.

அவள் மேசையிலிருந்த பேனையை எடுத்துத் தானே அவர் கையில் கொடுத்தாள்.

மேனுகா சிரித்தாள்.

"அங்கிள் சைன் வச்சா பயமில்லாமக் குதிக்கலாம், ஆன்ட்டி."